போணிக்கு வந்தவள்

என் மாணவிகளுக்கு நிர்வாகக் கோட்பாடுகள் எல்லாம் மனப்பாடம். எதற்கு அடுத்து எது வரும், எந்த இடத்தில் மூச்சு வாங்க வேண்டும் என்பதுவரை மனப்பாடம். பாதியில் நிறுத்தி, "இதுக்கு உங்க ஊர்லேருந்து ஒரு உதாரணம் சொல்லு" என்று கேட்டால், பேந்தப் பேந்த விழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஒப்பிப்பார்கள். எழுபதுகளின் கடைசியில் மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.காம். வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை.

எரிச்சலுக்குக் காரணம் அவர்கள் மக்குகள் என்பதல்ல. அவர்களில் பாதிப் பேர் வியாபாரம் நடக்கும் வீடுகளிலிருந்து வந்தவர்கள். அரிசிக் கடை, கமிஷன் மண்டி, எண்ணெய்ச் செக்கு, டயர் கடை. மேற்கே கண்மாய்க்கரை ஊர்களிலிருந்து வந்த, விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண்களுக்கோ, கத்திரிக்காய் மூட்டை எந்தக் கிழமை எந்தச் சந்தைக்குப் போனால் விலை போகும் என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஆனால் பேனாவைத் திறந்துவிட்டால் போதும். 'ஒரு வணிகர் தம் சரக்குகளை விற்பனை செய்கிறார்' என்று எங்கோ வேறு தேசத்தில் நடப்பதைப்போல எழுதுவார்கள். வீட்டில் தெரிந்ததையெல்லாம் கல்லூரி வாசலில் செருப்போடு கழற்றிவிட்டு வருவார்கள்; சாயங்காலம் போகும்போது மாட்டிக்கொண்டு போவார்கள்.

ஆகவே வெள்ளிக்கிழமை கடைசி மணி நேரத்தைப் பாடத்திலிருந்து பிடுங்கிக்கொண்டேன். அந்த நேரத்தில் புத்தகம் திறக்கக் கூடாது. எழுந்து நின்று மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்த வாரம் ஒரு கடையிலோ சந்தையிலோ என்ன பார்த்தாய்? அது ஏன் அப்படி நடக்கிறது? நீயாக இருந்தால் என்ன செய்வாய்? துறைத்தலைவி அம்மாளுக்கு இது பிடிக்கவில்லை. வராந்தாவில் பார்க்கும்போதெல்லாம் "போர்ஷன் முடிஞ்சிருச்சா?" என்று கேட்பார். முடியாது என்று தெரிந்துதான் கேட்பார்.

முதல் சில வாரங்கள் என் திட்டம் நகைப்புக்கு இடமானது. முதல் பெண் எழுந்து, "இனி நான் திட்டமிட்டுச் செயல்படுவேன்" என்றாள். நன்றாயிருக்கிறது என்று சொல்லித் தொலைத்தேன். அடுத்தவளும் திட்டமிட்டுச் செயல்படுவேன் என்றாள். அதற்கடுத்தவள் மிகவும் திட்டமிட்டுச் செயல்படுவேன் என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை பார்த்தால், யோசிப்பதற்கென்று நான் வைத்த கேள்விகளுக்கு யாரோ ஒருத்தி விடை தயாரித்து வகுப்பு முழுக்க மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அப்போதுதான் ஜன்னலோரத்துப் பெண் ஒருத்தி எழுந்தாள். திருப்பரங்குன்றத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருபவள். அதிகம் வாய் திறக்காதவள். டவுனில் பெரிய கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒன்றில் அவள் அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து ஜவுளிக்கடை வைத்திருந்தார்கள். கூட்டுக் குடும்பம். பெரியப்பா வைத்ததுதான் சட்டம். பள்ளிப் படிப்போடு போதும் என்றவரை, அப்பா கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்து அவளைக் கல்லூரிக்கு அனுப்பியிருந்தார். "ஏதாச்சும் ஒண்ணுன்னா நிறுத்திருவாங்க மிஸ். இந்தக் கடைசி வருஷத்தைத் தாண்டிட்டா டிகிரி கைக்கு வந்துரும்" என்று வருடத் தொடக்கத்திலேயே என்னிடம் சொல்லியிருந்தாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த 'ஏதாச்சும் ஒண்ணு' எனக்கு ஞாபகம் வரும்.

அன்றைக்கு அவள் சொன்னது இதுதான்.

"எங்க கடைக்கு ஊர்ப் பக்கத்துலேருந்து வர்ற பொம்பளைங்க ஜாக்கெட் துணியப் பார்ப்பாங்க மிஸ். வெல கேக்க மாட்டாங்க. கேட்டா வாங்கணுமேன்னு பயம். வாங்காமத் திரும்புனா கடைக்காரவுக மூஞ்சியச் சுளிப்பாங்கன்னு பயம். அதனால பார்த்துட்டு அப்படியே போயிருவாங்க. ஒவ்வொரு துணியிலயும் வெலைய எழுதி ஒரு சீட்டு ஒட்டிட்டா, கேக்காமலே தெரிஞ்சுக்கலாம்ல?"

அவள் பார்த்திருந்தாள், ஏன் என்று கேட்டிருந்தாள், என்ன செய்யலாம் என்றும் சொல்லிவிட்டாள். இம்புட்டுத்தானே நான் இத்தனை வாரமாகத் தொண்டை வறளக் கேட்டது! "சொன்னா மட்டும் போதுமா? செஞ்சு பாரு" என்றேன்.

செய்தாள். அப்பாவிடம் நயமாகப் பேசி, கடையின் ஒரு மூலையை வாங்கினாள். ரவிக்கைத் துணிகளுக்கான மூலை. சனி, ஞாயிறில் அங்கே உட்கார்ந்து பழைய காலண்டர் அட்டையை வெட்டிச் சீட்டு எழுதி ஒட்டினாள். அங்கே பேரம் கிடையாது. மற்ற இடமெல்லாம் வழக்கம்போல விரித்த வெள்ளைத் துணிமேல் சேலைகளைப் பிரித்துப் போட்டுப் பேரம். பெரியப்பா, "கடைய ஆஸ்பத்திரியாக்கிட்டியா, சீட்டு ஒட்டி வச்சிருக்க?" என்று கேலி செய்தாராம். ஆனால் அந்த மூலையில் பெண்கள் நிற்க ஆரம்பித்தார்கள். எழுத்துத் தெரியாத பெண்களுக்கும் பஸ் நம்பர் பார்த்துப் பழகி எண் தெரியும் என்பதை அவள்தான் கண்டுபிடித்து வந்து எங்களிடம் சொன்னாள். அதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை. அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு ஒரே சந்தோஷம். கே.கே. நகர் ஸ்டாப்பில் இறங்க மறந்து அடுத்த ஸ்டாப்பிலிருந்து நடந்து வந்தேன்.

வகுப்பிலிருந்து சிலர் அந்த மூலையைப் பார்க்க வேண்டும் என்றார்கள். போய் வாருங்கள் என்று நான்தான் சொன்னேன். சாயங்காலம் போனால் வீடு திரும்ப நேரமாகிவிடும் என்று, அவர்கள் காலையில் கல்லூரிக்கு வரும் வழியில் போனார்கள். அங்கேதான் வந்தது வினை.

அவளுடைய அப்பா அப்போதுதான் கடையைத் திறந்து, வாசலில் தண்ணீர் தெளித்து, சாமி படத்துக்குச் சூடம் காட்டி முடித்திருக்கிறார். கடை திறக்க உதவியாக அவளும் இருந்திருக்கிறாள். தோழிகளைப் பார்த்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்து, சேலைகளைப் பிரிக்கச் சொல்லி, விலை கேட்டு, பேரம் பேசி, அவர் எதுவரைக்கும் இறங்கி வருகிறார் என்று பார்த்திருக்கிறார்கள். பிறகு சீட்டு மூலைக்கு வந்து அங்கே எப்படி என்று பார்த்திருக்கிறார்கள். நான் சொல்லிக்கொடுத்த பாடம்தானே! இரண்டையும் ஒப்பிட்டாயிற்று. கல்லூரிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டார்கள்.

அப்பா பதறிப்போய்விட்டார். "ஆத்தா, இன்னும் போணி ஆகலத்தா. வெல கேட்டுட்டு வெறுங்கையாப் போகாதீங்க. ஒரு ஜாக்கெட் துணியாச்சும் எடுத்துக்கங்க. கேக்குற வெலைக்குத் தாரேன்."

அவர்களில் வாயாடி ஒருத்தி சொன்னாள்: "சீட்டு ஒட்டியிருக்கீங்களே அங்கிள், கொறைக்கக் கூடாதே!"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மகளும் சேர்ந்து சிரித்தாள். அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா படியேறி வந்துகொண்டிருந்தார்.

மதுரையில் கடை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முதலில் படியேறி விலை கேட்டவர் வாங்காமல் போகக் கூடாது. நஷ்டத்துக்காவது கொடுத்து அனுப்புவார்கள். அந்த முதல் விற்பனைதான் அன்றைய நாளுக்குப் பிள்ளையார் சுழி. போன பெண்கள் அத்தனை பேருக்கும் இது தெரியும். காலையில் அம்மாவோடு காய்கறிக் கடைக்குப் போனால், போணி ஆகியிருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்துவிட்டு விலை கேட்கிறவர்கள்தான். ஆனால் அன்றைக்கு அவர்கள் தங்களை வாங்க வந்தவர்களாக நினைக்கவில்லை. பார்க்க வந்தவர்கள், மாணவிகள், கையில் கல்லூரிப் புத்தகம். போணி தங்களைப் பற்றியது என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை.

அன்று மத்தியானம் அந்தக் கடைக்கு வருவதாகச் சொல்லியிருந்த கல்யாண வீட்டார் எதிர்க்கடையில் ஏறி மொத்தச் சேலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பல காரணங்கள் இருந்திருக்கலாம். எதிர்க்கடையில் புதுச் சரக்கு வந்திருக்கலாம். பெரியப்பாவுக்கு ஒரே காரணம்தான். காலேஜுக்குப் போய்க் கடையைக் கேலிப் பொருளாக்கக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள். "போணி கேட்டுக் கெஞ்சுற அப்பனப் பார்த்து இவளும் சேந்துல்ல சிரிச்சா" என்று அவர் வீட்டில் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவர் வெகுநாளாக ஒரு காரணத்துக்குக் காத்திருந்தார். நாங்கள் அதைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்துவிட்டோம்.

திங்கட்கிழமை ஜன்னலோரம் காலியாக இருந்தது. வெள்ளிக்கிழமை வரை காலி. பரீட்சைக்கு அதிக நாள் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை கேள்விகளைக் கேட்டேன். என்ன பார்த்தீர்கள்? வாயாடிப் பெண் எழுந்து, "போணி மூடநம்பிக்கை மிஸ்" என்றாள். "அப்படின்னா உங்க வீட்டுல எப்படி?" என்று கேட்டேன். அவள் வீட்டில் எண்ணெய்க் கடை. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்தவள்தான் சொன்னாள்: "எங்க கடையா இருந்தா நாங்க வாங்கிருப்போம் மிஸ். அது பாடம்னு நெனச்சுட்டோம்." அந்த வருடம் முழுக்க அந்த வகுப்பில் யாரும் அதைவிட உண்மையாக எதையும் சொல்லவில்லை. அதைக் கேட்டு எனக்கு ஆசிரியையாகப் பெருமை வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மறுவாரம் ஒரு காலையில் நானே அந்தக் கடைக்குப் போனேன். வேண்டுமென்றேதான் கடை திறக்கும் நேரத்துக்குப் போனேன். சூடம் காட்டி முடிக்கும்வரை எதிர்ச்சாரியில் நின்றிருந்துவிட்டு முதல் ஆளாகப் படியேறினேன். பெரியப்பா கல்லாவில் உட்கார்ந்திருந்தார். அப்பா விரிப்பை நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சரம்மா. என்ன எடுக்கட்டும்?" என்றார் அப்பா. மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

"எனக்குத் துணி வேண்டாங்க. உங்க பொண்ணப் பரீட்சை எழுத அனுப்புங்க. அது ஒண்ணுதான் கேட்டு வந்திருக்கேன். போணிக்கு வந்தவள வெறுங்கையோட அனுப்பிறாதீங்க."

வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியம் அது. அவர்கள் வழக்கத்தை வைத்தே அவர்களை மடக்கிவிடலாம் என்று நினைத்திருந்தேன். அப்பாவின் முகம் இளகியது. அவர் வாய் திறக்கப் போனார். அதற்குமுன் ஒருமுறை அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். அதுதான் தப்பு.

பெரியப்பா கோபப்படவில்லை. நிதானமாகச் சொன்னார்: "எங்க வீட்டுப் பிள்ள கடைச் சரக்கு இல்ல டீச்சர்."

அவரே எழுந்து சீட்டு மூலைக்குப் போய், ஊதாவில் ஒரு ரவிக்கைத் துணியை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். "வந்ததுக்கு இத எடுத்துக்கங்க. போணி ஆகட்டும்." வேண்டாம் என்று எறிந்துவிட்டு வந்திருப்பேன். அப்படி வந்தால் மிச்சமிருக்கும் துளி வழியும் அடைந்துவிடும் என்று பயந்தேன். சீட்டில் அவள் கையெழுத்தில் எழுதியிருந்த விலையைக் கொடுத்து வாங்கினேன். அவர் பணத்தைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பரீட்சைக்கு வரவில்லை. ஒவ்வொரு பரீட்சையன்றும் அவளுடைய எண் எழுதிய மேசை காலியாகக் கிடந்தது. விடைத்தாளும் வினாத்தாளும் அதன்மேல் வைக்கப்பட்டு, அரை மணி கழித்து எடுக்கப்பட்டன. மேற்பார்வைக்கு நின்ற எனக்கு அந்தப் பக்கம் நடக்கவே பிடிக்கவில்லை. அதற்குள் அவளுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். இத்தனை பவுன் போட்டால்தான் ஆச்சு என்று மாப்பிள்ளை வீட்டாரும், இம்புட்டுத்தான் முடியும் என்று பெரியப்பாவும் இழுத்துப் பறித்துப் பேசியதை அவள் பெஞ்சுக்காரி வந்து சொன்னாள். கடைச் சரக்கு இல்லாத ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பேரம்! அவர் அதைச் சொன்ன அன்றைக்கே இந்தப் பதில் எனக்குத் தோன்றியிருக்கக் கூடாதா என்று பல நாள் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வகுப்பை நான் விடவில்லை. துறைத்தலைவி அம்மாள், "இன்னுமா?" என்றார். இன்னும்தான் என்றேன். ஆனால் ஒரு பெண் எழுந்து தன் வீட்டைப் பற்றி வாய் திறக்கும்போதெல்லாம் நன்றாகச் சொல்லிவிடுவாளோ என்று பயம். நன்றாகச் சொன்னால் செய்து பார்க்கத் தோன்றும். செய்து பார்த்தால் வீட்டில் யார் என்ன சொல்வார்களோ. திட்டமிட்டுச் செயல்படுவேன் என்று ஒப்பிக்கும் பெண்ணைப் பார்த்து, நீயாவது பத்திரமாக இருப்பாய் என்று நிம்மதிப்பட்ட நாட்களும் உண்டு. அப்படி நினைத்ததற்காக என்மேலேயே எனக்குக் கோபம் வரும்.

சில வருடங்கள் போயின. ஒரு சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தேன். குளத்தில் தண்ணீர் இல்லை. உள்ளே கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து "மிஸ்" என்று குரல். கையில் குழந்தையோடு அவள். உடம்பு பூசினாற்போல் இருந்தது. அம்மா வீட்டுக்கு வந்தவள், வேண்டுதலுக்காக மாரியம்மன் கோயிலுக்கு வந்தாளாம். புருஷனுக்கு வெளியூரில் அரசாங்க வேலை. நல்லபடியாக வைத்திருக்கிறார் என்றாள்.

"கடை எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"கட முழுக்க இப்பச் சீட்டுத்தான் மிஸ். பேரமே இல்ல. ஒரே விலைன்னு வாசல்ல போர்டே மாட்டிட்டாங்க. பெரியப்பா தன் யோசனைன்னு எல்லாருகிட்டயும் சொல்லிக்கிடுறாரு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். வருத்தமாகச் சிரித்ததாகவும் தெரியவில்லை.

குழந்தை சிணுங்கியது. தோளில் போட்டுத் தட்டினாள். "வீடு, பிள்ள, எல்லாம் சரியாத்தான் மிஸ் இருக்கு. எனக்கு அந்த மூல பிடிச்சிருந்துச்சு" என்றாள். பிறகு, "வாரேன் மிஸ், அம்மா தேடும்" என்று போய்விட்டாள்.

மறுநாள் காலை கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு அந்தத் தெருவுக்குப் போனேன். அவள் சொன்னது சரிதான். பெரிய எழுத்தில் 'ஒரே விலை' என்று பலகை. கடை இரண்டு மடங்காகியிருந்தது. கண்ணாடி அலமாரிகள். ஒவ்வொரு துணியிலும் அச்சடித்த சீட்டு. சூடம் காட்டி முடிக்கட்டும் என்று எதிர்ச்சாரியில் நின்றேன். பிறகு முதல் ஆளாகப் படியேறினேன்.

பெரியப்பாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. விற்பனைக்காரப் பையன்களை ஏவி எல்லாவற்றையும் எடுத்துப் போடச் சொன்னார். நான் ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னேன். பட்டு, நூல், நைலக்ஸ். ஒவ்வொன்றுக்கும் விலை கேட்டேன். சீட்டில் இருக்கிறதே என்றார்கள். இருந்தாலும் வாயால் சொல்லுங்கள் என்றேன். சொன்னார்கள். கேட்டு முடித்துவிட்டு எழுந்தேன். செருப்பை மாட்டினேன்.

பெரியப்பா கல்லாவை விட்டு இறங்கி வந்துவிட்டார். "அம்மா, போணி நேரம். ஏதாச்சும் ஒண்ணு எடுத்துக்கங்கம்மா. நீங்க சொல்ற வெலைக்குத் தாரேன்."

உள்ளே மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவள் அப்பா நிமிர்ந்து பார்த்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அவருக்கு என்னைத் தெரிந்துவிட்டது. எழுந்திருக்கவில்லை.

"ஒரே விலைன்னு போர்டு போட்டிருக்கீங்களே. கொறைக்கக் கூடாதே" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

அன்றைக்கு அந்தக் கடையில் எப்போது போணி ஆனதென்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் வரை ஆகியிருக்கக் கூடாது என்று மனதார விரும்பினேன். இன்றைக்கும் அப்படித்தான்.